கடைப் பூனைக்கு இரும்பு மருந்து

எனக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. சாமான்களை அடுக்கத் தொடங்குவேன். அந்த மாதங்களில் எங்கள் சமையலறை அலுமாரி அத்தனை ஒழுங்காக இருந்ததற்குக் காரணம் கடைப் பூனையின் வயிறு.

கண்டி நகரத்தில் எங்களுக்கு ஒரு பலசரக்குக் கடை இருந்தது. கீழே கடை, மேலே வீடு. அப்பா இறந்த பிறகு கடையைப் பெரியப்பா பார்த்துக்கொண்டார். அம்மாவும் நானும் மேல்மாடியில் அவரோடு இருந்தோம். நான் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆய்வுகூடத்தில் இரத்தப் பரிசோதனை செய்யும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருந்தேன். அரிசி மூட்டைகளை எலியிடமிருந்து காப்பது பூனையின் வேலை. மதியத்தில் அம்மா அவித்துப் போடும் சாளை மீனும் சோறும் அதன் சம்பளம்.

குட்டி போட்டபின் பூனை மெலிந்தது. குட்டிகள் ஆளுக்கொரு வீடாகப் போன பிறகும் தேறவில்லை. உடம்பு முழுக்க இரத்தம் குடிக்கும் தெள்ளுப்பூச்சி. மூட்டைக்கு மேல் ஏற முடியாமல் கீழேயே படுத்துக் கிடந்தது. ஒரு நாள் வாயைத் திறந்து பார்த்தேன். ஈறு வெள்ளைத் தாளாக இருந்தது. நாள் முழுவதும் மற்றவர்களின் இரத்தத்தைப் பார்க்கிற எனக்கு அதற்கு மேல் சாட்சி வேண்டியிருக்கவில்லை.

கூடையில் வைத்துப் பேராதனைப் பக்கம் ஒரு மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். அவர் தெள்ளுக்கு ஒரு மருந்தும், இரத்தம் ஊற இரும்புச் சத்துச் சொட்டு மருந்தும் தந்தார். இரும்பு வயிற்றைக் குழப்பக்கூடியது, வெறும் வயிற்றில் கொடுக்காமல் சாப்பாட்டோடு கொடுங்கள், மலம் கறுத்தால் பயப்பட வேண்டாம், வாந்தியோ வயிற்றோட்டமோ வந்தால் என்னிடம் சொல்லுங்கள் என்றார். நான் காலையிலேயே வேலைக்குப் போய்விடுவதால் மருந்து கொடுக்கும் பொறுப்பை அம்மா ஏற்றார். எத்தனை சொட்டு, எந்த நேரம், எதனோடு என்று சொல்லிக்கொடுத்தேன். அம்மா திருப்பிச் சொன்னார். சரியாகவே சொன்னார்.

முதல் சில நாட்கள் நன்றாகப் போயின. பிறகு ஒரு சனிக்கிழமை காலையில், கடையில் சனம் நிறைந்து நின்ற நேரத்தில், கடலை மூட்டை ஓரமாகப் பூனை வாந்தி எடுத்தது. வயிறும் இளகிப் போயிருந்தது. மூட்டையின் அடிப்பகுதி நனைந்து, அதை அப்படியே பின்பக்கம் இழுத்துப் போட வேண்டியதாயிற்று. வாங்க வந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். பெரியப்பா எல்லோருக்கும் கேட்கும்படி என்னைக் கூப்பிட்டார்.

"நல்லா இருந்த பூன. மருந்து குடுத்து கெடுத்துட்ட."

அது நன்றாக இருக்கவில்லை, இரத்தம் குறைந்து செத்துக்கொண்டிருந்தது என்று சொன்னேன்.

"ஆஸ்பத்திரிப் படிப்ப ஆஸ்பத்திரியிலேயே வச்சுக்க புள்ள. இன்னொரு மூட்ட பாழாச்சுன்னா கலகெதரக்குப் போற லொறியில ஏத்தி, வழியில எறக்கிவிடச் சொல்லிருவேன்."

அவர் சொன்னால் செய்வார். அந்த உடம்போடு ரோட்டோரத்தில் இறக்கிவிட்டால் அது இரண்டு நாள் தாங்காது. அவருக்கும் அது தெரியும். தெரிந்துகொண்டே சில்லறை எண்ணிக்கொடுத்தார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வைத்தியரைக் கேட்டுச் செய்ய வேண்டியதையெல்லாம் செய்தேன். மருந்தை நிறுத்தி வயிறு சரியாகும்வரை பொறுத்தேன். பிறகு பாதி அளவில் தொடங்கினேன். அந்தப் பாதியையும் இரண்டாகப் பிரித்து, ஒன்றை இரவில் என் தட்டிலிருந்து வைக்கும் சோற்றோடு நானே கொடுத்தேன். சோறு பாதி உள்ளே போன பிறகுதான் சொட்டு விட வேண்டும் என்று அம்மாவுக்குச் சொன்னேன். சாப்பாட்டில் வேறெதையும் மாற்றவில்லை, ஏனென்றால் ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாது. ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் சில நாள் நன்றாகப் போகும். பிறகு மறுபடியும் மூட்டைகளுக்குப் பின்னால் காய்ந்துபோன வாந்தி கிடக்கும். எப்போது எடுத்தது என்று தெரியாது. பெரியப்பாவுக்கு முன்னால் நான் அதைக் கண்டுபிடித்துத் துடைத்தேன். கண்டுபிடிக்காதவற்றை அவர் கண்டுபிடித்தார்.

என்ன கொடுத்தீர்கள் என்று அம்மாவை ஒவ்வொரு முறையும் கேட்டேன். ஒவ்வொரு முறையும் "எப்பவும் போலத்தான்" என்றார்.

"மருந்து ஒத்துக்கல" என்ற பேச்சையே வெறுக்கத் தொடங்கினேன். ஆய்வுகூடத்திலும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். தெல்தோட்டைப் பக்கத்திலிருந்து வரும் கர்ப்பிணிப் பெண்கள் இரும்பு மாத்திரையை நிறுத்திவிட்டு, முன்பைவிட வெளுத்துப்போய் வருவார்கள். வெறும் வயிற்றில், பால் சேர்க்காத பிளேன்டீயோடு விழுங்கியிருப்பார்கள். எதனோடு விழுங்கினீர்கள் என்று அவர்களை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். குற்றம் எப்போதும் மருந்துமேல், அல்லது அந்தப் பெண்மேல். இப்போது எங்கள் வீட்டில் என்மேல்.

அந்த மாதப் பௌர்ணமிக்கான போயா விடுமுறை ஒரு வெள்ளிக்கிழமையில் வந்தது. நான் வீட்டில் இருந்தேன். மதியம் அம்மா தலைக்குக் குளித்து, கூந்தலைத் துவாயில் சுற்றிக்கொண்டு, விளக்கேற்றிவிட்டுச் சமையலறைக்கு வந்தார். ஒரு தட்டில் பசும்பாலை ஊற்றினார். அதில் சொட்டு மருந்தை எண்ணி விட்டார். பூனைக்கு முன்னால் வைத்தார்.

நான் கதவருகில் நின்று பார்த்தேன். என்ன இது என்று கேட்டேன்.

"மருந்துதான். சாப்பாட்டோட குடுக்கச் சொன்னியே."

"இது பால், அம்மா."

"பால் சாப்பாடு இல்லையா? உன்ன வளத்ததே இதுலதான்."

"மீன் எங்க?"

அம்மா என்னை விசித்திரமாகப் பார்த்தார். "வெள்ளிக்கிழமையில மீனா? என்ன கேள்வி புள்ள இது."

தட்டை எடுப்பதற்குள் பூனை பாதியை நக்கிவிட்டது. நான் அலுமாரியைத் திறந்து போத்தல்களை உயர வரிசையில் வைக்கத் தொடங்கினேன். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. வயிற்றில் வேறொன்றும் இல்லாமல் அந்தப் பாலோடு இரும்பு. போதாததற்கு, பால் இரும்பை உடம்பில் சேரவும் விடாது. முன்பெல்லாம் வெள்ளிக்கிழமைகளில் பூனை கீழே போய்த் தன் சாப்பாட்டைத் தானே பிடித்துத் தின்றது. அதனால் எங்கள் வெள்ளிக்கிழமை அதன் வயிற்றைத் தொட்டதில்லை. இப்போது எலியைத் துரத்தத் தெம்பில்லாமல் நாங்கள் வைக்கும் தட்டையே நம்பிக் கிடந்தது.

அம்மா பொய் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை மரக்கறி என்பது எங்கள் வீட்டில் சொல்ல வேண்டிய விஷயமே அல்ல. அதுவும் எப்பவும் போலத்தான். அதே மரக்கறியை வாரம் தவறாமல் தின்ற எனக்கும் அது தோன்றவில்லை. ஆனால் லொறியில் ஏறப்போவது நாங்கள் இருவரும் இல்லை.

வெள்ளிக்கிழமையும் கொஞ்சம் மீன் அவிக்கலாமா, பின்பக்கம் வெளியில் வைத்து நானே செய்கிறேன் என்றேன். அம்மா மறுத்தார். விளக்கு எரியும் வீட்டில் மீன் மணம் வரக்கூடாது என்றார். பேச்சு கேட்டு மேலே வந்த பெரியப்பா, ஒரு பூனைக்காகச் சாமி நாளை மாற்ற வேண்டுமா என்று கேட்டார். மருந்தில் குற்றமில்லை, பாலில்தான் என்று நான் சொன்னது அவர் காதில் ஏறவில்லை. நாளைக்குக் கடையில் அசிங்கம் பண்ணினால் லொறிதான் என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அன்றிரவு பூனையை என் அறையில் பூட்டி வைத்தேன். வாந்தி எடுத்தது. நான் துடைத்தேன். யாருக்கும் சொல்லவில்லை.

மறுநாள் வைத்தியரைத் தொலைபேசியில் பிடித்தேன். அவர் சிரித்தார். வெள்ளிக்கிழமை மருந்தே வேண்டாம், ஒரு நாள் தவறினால் ஒன்றும் குறையாது என்றார். பாலை அடியோடு நிறுத்துங்கள், அன்றைக்கு மட்டும் பக்கற்றில் வரும் காய்ந்த பூனை உணவு வையுங்கள், பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். அவ்வளவுதான்.

பக்கற்றை வாங்கி வந்தேன். அம்மா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து இது என்ன என்றார். பூனை பிஸ்கட் என்றேன். கடைகளில் அப்படித்தான் சொல்வார்கள். பிஸ்கட்டுக்கு அம்மாவிடம் ஆட்சேபம் இருக்கவில்லை.

வாந்தி நின்றது. வயிறு இறுகியது. ஈறுகளில் மெல்ல நிறம் ஏறியது. ஒரு காலை பூனை அரிசி மூட்டை உச்சியில் உட்கார்ந்திருந்தது. கீழே ஒரு எலி கிடந்தது.

அதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை, பிந்திய வேலை நேரத்துக்குப் போக நான் கடை வழியாக இறங்கியபோது, பெரியப்பா சாமான் வாங்க வந்த ஒரு அம்மாவுக்குப் பருப்பு நிறுத்துக்கொண்டே சொல்லிக்கொண்டிருந்தார்.

"எங்க பூன வெள்ளிக்கிழம விரதம். மருந்துகூட தொடாது. விரதம் புடிச்சதுலருந்துதான் இப்பிடித் தேறிருச்சு."

அந்த அம்மா பூனையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"பெரியப்பா, பால நிறுத்தினதுதான் காரணம்," என்றேன்.

"அதத்தானே சொல்றேன்," என்றார். "விரதத்துல பால்கூட கெடையாது."

அந்த அம்மா தலையாட்டினார். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. அளவு, நேரம், சாப்பாடு, நான் துடைத்த இரவுகள், அவர் சொன்ன லொறி. வரிசையாகவே இருந்தது. ஆனால் விரதம் இருக்கும் பூனையை எந்தக் கடைக்காரரும் லொறியில் ஏற்றமாட்டார். இந்தக் கதையை நான் உடைத்தால், அடுத்த முறை ஏதாவது மூட்டை நனையும்போது அது மறுபடியும் வெறும் பூனையாகிவிடும்.

பஸ் பிடிக்கப் போனேன். ஆய்வுகூடத்தில் யாரும் கேட்காமலே குளிர்சாதனப் பெட்டியில் இருந்ததையெல்லாம் வெளியே எடுத்து வைத்து, முழுவதையும் மறுபடி அடுக்கினேன்.