எங்க ஊட்டுக்கும் பூக் கேளுங்க

தேர்தல் வந்துவிட்டால் எங்கள் பக்கம் மைக் கட்டிய வண்டிகள் ஓயாமல் சுற்றும். போன தடவை வந்தவர் எங்கள் வாசலுக்கு நேராக வண்டியை நிறுத்தி, "நீங்களே சொல்லுங்க, இவங்க நமக்கு வேணுமா, வேண்டாமா?" என்று கேட்டார். சனங்கள் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. மூன்றாங்கிளாசோடு என் படிப்பு நின்றுபோனது நிசம்தான். ஆனால் அந்த மாதிரிக் கேள்வியை ஒருத்தர் சிரித்துக்கொண்டே கேட்டால், பதில் சொல்வதற்கு முன்னால் அவர் கையைப் பார்க்கிற பழக்கம் எனக்குச் சின்ன வயசிலேயே வந்துவிட்டது.

பெரியநாயக்கன்பாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்தில் எங்கள் ஊர். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது பஞ்சாயத்துத் தலைவராக ரொம்ப வருசமாக ஒருத்தரே இருந்தார். அடுத்த தேர்தலில் அவரை எதிர்த்து எங்கள் பெரியப்பா நிற்கப்போவதாகப் பேச்சு. அந்த வருசம் மழையில்லை. தலைவர் வெட்டுவதாகச் சொன்ன கிணறும் வெட்டவில்லை. சனங்கள் கேட்க ஆரம்பித்ததும் அவர் வேறொரு பேச்சை எடுத்தார். மாரியம்மன் கோயிலை ஒட்டி, கோயில் இடத்திலேயே ராவுத்தர் வீடு இருக்கிறதே, அதனால்தான் அம்மன் முகம் திருப்பிக்கொண்டாள் என்றார்.

ராவுத்தர் தையல்காரர். அவருடைய அப்பா காலத்திலிருந்து அந்த வீடு அங்கேதான் இருக்கிறது. நோம்பித் திருவிழாவில் அம்மனுக்குப் பிடிக்கிற குடைக்குத் துணி தைப்பது அவர்கள் வீட்டு மிசினில்தான். அதுவரை அம்மன் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று யாரும் பார்த்தவர்கள் இல்லை. தலைவர் சொன்ன பிறகு எல்லாருக்கும் அது திரும்பியிருப்பதாகவே தெரிந்தது.

எங்கள் பக்கம் ஒரு முடிவு எடுக்க முடியாவிட்டால் அம்மனிடம் பூக் கேட்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்பு. சாமி முன்னால் வைத்து, விவரம் தெரியாத குழந்தை ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் சரி. சிவப்பு வந்தால் வேண்டாம். அதற்கு மேல் பேச்சில்லை. ராவுத்தர் வீடு இருக்கலாமா, காலி பண்ணவேண்டுமா என்று பூக் கேட்டுவிடலாம் என்றார் தலைவர்.

அதைச் சொல்ல எங்கள் வீட்டுக்கே வந்தார். எங்கள் வாசலை எட்டிப் பார்க்காத மனுசன், தின்பண்டப் பொட்டலத்தோடு வந்து என் கன்னத்தைத் தட்டினார்.

"உங்கூட்டுப் புள்ளையே எடுக்கட்டுங்க. அப்பத்தான் நாளைக்கு ஆரும் நொட்டை சொல்ல மாட்டாங்க. என்ன கண்ணு, எடுக்கறயா?"

நான் தலையை ஆட்டினேன். வீட்டில் வேறு யாரும் ஆட்டவில்லை. அவர் போனதும் அத்தை அந்தப் பொட்டலத்தை எடுத்து மாட்டுத்தொட்டியில் போட்டாள். எனக்கு அழுகை வந்தது.

"ரெண்டுலயும் செவப்புத்தான் இருக்கும்" என்றார் பெரியப்பா. "பூசாரி அந்தாளு கைக்குள்ள. நாமளும் பூசாரியைப் புடிச்சு ரெண்டுலயும் வெள்ளையா வெக்கச் சொல்லிப்போடலாம்."

அத்தை என் அப்பாவோடு பிறந்தவள். புருசன் போனபின் எங்களோடுதான் இருந்தாள். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "வெக்கலாமுங்கண்ணா. அடுத்த வருசம் அந்தாளு மறுக்காப் பொட்டலம் கட்டுவாரு. நீங்க மறுக்காப் பூசாரியைப் புடிப்பீங்க. ராவுத்தரு வருசா வருசம் கோயில் முன்னால கை கட்டிட்டு நிக்கோணுமாக்கும்?"

"அப்ப என்னதான் பண்றது, சொல்லு."

"எனக்கென்னங்க தெரியும்" என்று அத்தை ஊதாங்குழலை எடுத்துக்கொண்டாள்.

பூக் கேட்கிற நாளுக்கு எனக்குப் புதுப்பாவாடை. தைத்துக் கொடுத்தது ராவுத்தர்தான். "கீழ மடிச்சுத் தெச்சிருக்கறேன் அம்மணி. அடுத்த வருசம் நீங்க வளந்தா நானே பிரிச்சு உட்டுத் தாரேன்" என்றார். சொல்லிவிட்டுக் கொஞ்சநேரம் மிசினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு ஊரே கோயிலில். ராவுத்தர் வெளியே தீபக்கம்பத்தோரம் நின்றார். பூசாரி என்னை உட்கார வைத்தார். என் முகத்தை ஒருதடவைகூட அவர் பார்க்கவில்லை. வாழையிலைப் பொட்டலம் இரண்டும் முன்னால் இருந்தன. கற்பூரம் காட்டி, "எடு சாமி" என்றார். நான் கையை நீட்டினேன்.

"ஏனுங்க தலைவரே, ஒரு நிமிசமுங்க."

அத்தை கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள். "மழ பேயாததுக்கு ஆரு ஊடு காரணம்னு நமக்கென்னங்க தெரியும்? எங்கூடாவும் இருக்கலாமில்லீங்க? மொதல்ல எங்க ஊட்டுக்குப் பூக் கேளுங்க. செவப்பு வந்தா நாங்க இன்னைக்கே காலி பண்ணிப்போடறோம்."

பெரியப்பாவுக்கு வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. தலைவர் சிரித்தார். "என்னுங்க அம்மணி வெளையாட்டு இது."

"சாமிகிட்ட ஆருங்க வெளையாடுவாங்க?"

அப்புறம் வண்ணார் வீட்டு அக்கா, "அதுக்கடுத்து எங்கூட்டுக்கும் கேட்டுப்போடுங்க" என்றாள். தெலுங்குக்காரங்க குடியிருந்த வளவிலிருந்து ஒரு அம்மா, "எங்களுதும்" என்று வந்து நின்றாள். பொம்பளைகள் ஒவ்வொருத்தராக அத்தைக்குப் பின்னால் வரிசை கட்டினார்கள். கடைசியில் தலைவரைப் பெற்ற ஆத்தாளே குச்சியை ஊன்றிக்கொண்டு எழுந்தாள். அந்த ஆத்தாளுக்குச் சூது வாது தெரியாது.

"நம்மூட்டுக்கும் கேட்டுரலாம் சாமி. நீயுந்தான் கெணறு வெட்டறேன்னு சொல்லிப்போட்டு வெட்டுல. மாரியாத்தாளுக்குக் கோவம் அதுலகூட இருக்குமாட்ட."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். தலைவர் முகம் கறுத்துப்போனது. "ஆத்தா, நீ உக்காரு மொதல்ல" என்று அதட்டினார். பூசாரி தலைவரைப் பார்த்தார். தலைவர் வானத்தைப் பார்த்தார். ராகுகாலம் பொறந்துவிட்டதாம். இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாமாம்.

பூசாரி நான் எடுப்பதற்குள் இரண்டு பொட்டலத்தையும் வாரி மடியில் கட்டிக்கொண்டார். பெரியப்பாவின் ஆட்கள் சிலர், "பிரிச்சுக் காட்டுங்கய்யா!" என்று சத்தம் போட்டார்கள். அத்தை கையை நீட்டி அவர்களை மறித்தாள். "உட்டுருங்க சாமி. பிரிச்சா மறுக்காப் பூவப் பத்தித்தான் ஊரெல்லாம் பேசும்."

அந்த இன்னொரு நாள் வரவேயில்லை. அதற்காக எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று யாரும் நினைக்கவேண்டாம். மழை அந்த மாசமும் பெய்யவில்லை. தேர்தலில் தலைவரே செயித்தார். பெரியப்பா தோற்றார். ராவுத்தர் வீட்டை மட்டும் யாரும் அப்புறம் வாயில் எடுக்கவில்லை.

கோயிலிலிருந்து வந்த அன்று பொழுதிறங்கச் சோறு போடும்போது அத்தை ரசத்தைக் கீழே சிந்திவிட்டாள். பெரியப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார். "ரெண்டும் செவப்புத்தான்னு உனக்கு உறுதியாத் தெரியுமா?"

"எனக்கெப்படிங்கண்ணா தெரியும்?"

"அந்தாளு பின்வாங்காம, கேட்டே பாக்கலாம்னு சொல்லியிருந்தா? நம்மூட்டுக்குச் செவப்பு வந்திருந்தா?"

"காலி பண்ணியிருக்கோணுமுங்க."

"பண்ணிட்டு எங்க போறது?"

அத்தை சிந்தின ரசத்தைத் துணியால் துடைத்தாள். "ராவுத்தரும் இத்தன நாளா அதத்தானுங்க யோசிச்சுட்டு இருந்திருப்பாரு."

பெரியப்பா கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார். ஊர் முழுக்கப் பார்த்திருக்க நான் பூ எடுத்திருக்கவேண்டிய நாள் அது. பேச்சுக்குப் பேச்சு 'எனக்கென்ன தெரியும்' என்கிற ஒரு பொம்பளை, நடுவில் புகுந்து கெடுத்துவிட்டாள் என்றுதான் எனக்குப் பட்டது. அந்தக் கோபத்தில் அவள் போட்ட சோற்றைத் தின்றுவிட்டு, அவள் பக்கத்தில் படுக்காமல் அம்மாவிடம் போய்ப் படுத்துக்கொண்டேன்.