பூச்சியத்துக்குக் கீழே ஓர் அம்பு

மஞ்சள் துணியால் குளிர்பெட்டியின் சின்னத் திரையில் படிந்த உப்பைத் துடைக்கிறார் ஈவாஞ்சலின். "மைனஸ் பத்தொம்பது" என்று வாய்விட்டுச் சொல்லிப் பதிவேட்டில் எழுதுகிறார். பிறகு சாக்பீஸால் பெட்டிக் கதவில் அதே எண். பக்கத்தில் ஓர் அம்பு. போன சுற்றைவிடக் குளிர் கூடியிருந்தால் அம்பு கீழே பார்க்கும். குறைந்திருந்தால் மேலே. அடுத்த பெட்டிக்கு நகர்கிறார்.

தூத்துக்குடித் துறைமுகத்தை ஒட்டிய ஒரு கன்டெய்னர் யார்டில், கப்பலேறக் காத்திருக்கும் குளிர்பெட்டிகளுக்கு அவர்தான் காவல். உள்ளே இருப்பது உறைந்த இறால். மைனஸ் பதினெட்டிலோ அதற்குக் கீழோ கிடக்க வேண்டும்.

நாசரேத்தில் பிறந்து முத்தையாபுரத்தில் வாழ்க்கைப்பட்ட இவருக்கு, உலகமே பூச்சியத்துக்கு மேலும் கீழுமாகத்தான் நடக்கிறது. பஸ் மூன்று நிமிடம் முந்தி வந்தால், "இன்னைக்கு மைனஸ் மூணு." பிந்தினால் பிளஸ். கணவர் கிளைட்டன் சோற்றில் கைவைக்குமுன், "ஏளா, உப்பு பிளஸ்ஸா, மைனஸா?" என்பார்.

"பூச்சியம். பேசாம சாப்பிடுங்க."

யார்டில் உடன் வேலை பார்க்கும் சிவனாண்டிக்கு அந்த அம்புகள் கேலிப்பொருள். "நம்பர்தான் இருக்குல்லா? அம்பு விட்டு யாரக் கொல்லப் போற?"

போன செவ்வாய்க்கிழமை மகளைப் பள்ளியில் சேர்த்துவிட்டு ஈவாஞ்சலின் வர நண்பகல் ஆகிவிட்டது. காலைச் சுற்றுகளைச் சிவனாண்டிதான் பார்த்திருந்தார். கதவுகளில் எண்கள் இருந்தன. அம்பு ஒன்றுகூட இல்லை.

"மூலைப் பெட்டி சும்மா கொறஞ்சிக்கிட்டே வருது, ஏளா. காலையில இருவது, பொறவு பதினேழு, இப்பம் பதினாலு. நல்லா குளிருது!"

ஈவாஞ்சலின் நின்றுவிட்டார். "அண்ணாச்சி, எல்லாத்துக்கும் முன்னால மைனஸ் இருக்குல்லா?"

"இருக்கு."

"அப்பம் கொறயல. பூச்சியத்தப் பாத்து ஏறுது. உள்ள சூடு ஏறுது, அண்ணாச்சி!"

மைனஸ் பன்னிரண்டுக்கு ஏறிவிட்டால் கப்பல்காரர்கள் பெட்டியைத் தொடமாட்டார்கள். இருபது டன் இறாலும் வந்த வழியே திரும்பும். ஈவாஞ்சலின் மெக்கானிக் மனுவேலுக்குப் போன் போட்டார். "ஓடி வாங்க. ரெண்டு டிகிரிதான் பாக்கி."

மனுவேல் குளிரூட்டும் எந்திரத்தின் மூடியைக் கழற்றியபோது திரையில் மைனஸ் பதிமூன்று. "ரிலே சுவிட்ச் கருகிட்டு" என்று சொல்லி வேறொன்றை மாட்டினார். கம்ப்ரசர் உறுமியது. மூவரும் திரையையே பார்த்து நின்றார்கள். பதிமூன்று. பதிமூன்று. சிவனாண்டி ஹெல்மெட்டைக் கழற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

அரைமணி கழித்து மைனஸ் பதினான்கு.

"கூடிருக்கா, கொறஞ்சிருக்கா? நீயே சொல்லிரு, ஏளா" என்றார் சிவனாண்டி.

ஈவாஞ்சலின் சாக்பீஸை இரண்டாக ஒடித்து, பெரிய துண்டை அவரிடம் நீட்டினார்.