பார்த்துட்டு வாரேண்ணே

இன்று ஆபீஸில் என் பிரிண்டர் வேலை செய்யவில்லை. ஐடி சப்போர்ட்டே நான்தான். இருந்தாலும் புதிதாக வந்திருக்கும் சாட்பாட்டைக் கேட்டுப் பார்த்தேன்.

"ஒருவாட்டி ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கண்ணே" என்றது.

அந்த 'அண்ணே' என்னுடையது. இத்தனை வருஷமாக நான் எல்லோருக்கும் எழுதிய பதில்களை வைத்துத்தான் அதைப் பழக்கியிருக்கிறார்கள்.

மேனேஜர் எட்டிப் பார்த்தார். "அப்படியே உன்னைய மாதிரியே பேசுது மாப்ள" என்று சிரித்தார்.

அவர் போனதும் அதனிடமே கேட்டேன்: "அடுத்த மாசம் எனக்கு இங்க வேலை இருக்குமா?"

"கொஞ்சம் பொறுங்கண்ணே, பார்த்துட்டு வாரேன்."

பதில் இல்லாத கேள்விக்கெல்லாம் நான் எழுதும் வரி அது.

கப்பலூர் தொழிற்பேட்டைப் பக்கம் யாராவது ஆள் எடுத்தால் சொல்லுங்கள். 'பார்த்துட்டு வாரேன்' என்று மட்டும் கமெண்ட் போட்டுவிடாதீர்கள்.