தட்டில் ஒரு துண்டு

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு துண்டுக் கோழிக்கறியைத் தட்டில் மிச்சம் வைத்தேன். அதிலிருந்து சமையல்காரர் மாயாண்டி என்னோடு பேசுவதில்லை. அவருக்கு வேலை வாங்கிக் கொடுத்ததே அந்தத் துண்டுதான்... யார் சொல்லி அவர் நம்பப் போகிறார்?

மாயாண்டி பூம்பாறைக்காரர். கொடைக்கானலில் ஒரு வெள்ளைக்காரத் துரை வீட்டில் பதினெட்டு வருஷம் சமைத்தவர். துரை குடும்பம் சீமைக்குக் கப்பலேறிவிட்டது. ஏரிப் பக்கம் குடியிருக்கும் சீனாக்காரப் பல் டாக்டருக்கு ஆள் தேவைப்பட்டது. சிபாரிசு செய்தது நான். எந்த மனுவை எந்த மேஜையில் வைத்தால் நகரும் என்று முப்பது வருஷம் தாலுகா ஆபீசில் பார்த்தவன் ஆயிற்றே.

முதல் ஞாயிறு பரீட்சைச் சாப்பாடு. கோழி ரோஸ்ட். சிபாரிசு செய்தவன் என்று என்னையும் அழைத்திருந்தார்கள்.

“தட்டு தொடச்ச மாதிரி உள்ள வரணும் சார்” என்று மாயாண்டி அடுக்களை வாசலில் என் காதைக் கடித்தார். “மிச்சம் வந்துச்சுன்னா துரைசானி மூஞ்சியத் தூக்கிரும். பதினெட்டு வருசம் அப்படித்தான் சோலி நெலச்சது.”

ஆளுக்கு ஒரு தட்டு, தட்டுக்கு ஓர் அளவு. துடைத்துவிட்டுக் கத்தியையும் முள்கரண்டியையும் சேர்த்து வைத்தால் முடிந்தது — எனக்குத் தெரியாத துரை வீட்டு முறையா? துடைத்தேன்.

டாக்டரின் மனைவி முகம் வாடியது. தன் பங்கிலிருந்து எடுத்து என் தட்டில் வைத்தார். மாயாண்டிக்காக அதையும் துடைத்தேன். மறுபடி வைத்தார். மறுபடி துடைத்தேன். மூன்றாம் முறை வைக்க மேஜையில் ஒன்றுமில்லை.

வழியனுப்ப வந்த டாக்டர் — மதுரையில் வளர்ந்தவர் — தயங்கினார்.

“கோவிச்சுக்காதீங்க சார். விருந்தாளிக்கே பத்தாம சமைக்கிற ஆள எப்படிங்க வச்சுக்கிறது?”

“பத்தலையா? எனக்கு மூச்சு முட்டுதுங்க.”

“அப்ப ஏன் மிச்சமே வைக்கல? எங்க வீட்ல தட்டு காலியா கெடந்தா இன்னும் பசின்னு அர்த்தம். கொஞ்சம் மீந்தாத்தான் திருப்தி.”

தலை சுற்றியது. சாப்பிட்டே அடுத்தவன் வேலையைக் கெடுத்தவர்களை ஆபீசில் பார்த்திருக்கிறேன்... அது வேறு சாப்பாடு.

கெஞ்சி, இன்னொரு ஞாயிறு வாய்தா வாங்கினேன். மாயாண்டியிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“மிச்சம் விழுந்தா நல்ல சமையலா? என்ன சார், எங்கிட்டயேவா கேலி?” என்று சிரித்தார். ஆனாலும் எனக்காகக் கூடுதலாகச் சமைத்தார்.

அன்றுதான் அந்தத் துண்டை விட்டேன். டாக்டரின் மனைவி முகம் மலர்ந்தது. “நாளைக்கு வெள்ளனே வந்துருங்க” என்றார் டாக்டர், மாயாண்டியிடம். மாயாண்டியோ என் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“வேல கெடச்சது முருகன் புண்ணியம்” என்றார் வாசலில். “நீங்க இப்படிக் கைவிடுவீங்கன்னு நெனைக்கல சார்.”

மீந்தால் மரியாதையா, துடைத்தால் மரியாதையா? எனக்கு இன்னும் விளங்கவில்லை. ஒன்று மட்டும் நிச்சயம். இனிமேல் சிபாரிசு என்றால் காகிதத்தில்தான் — வாயால் செய்வதாக இல்லை.