சோலையம்மாள் தள்ளிக் கட்டிய காப்பு

செல்லூரில் தறிச் சத்தத்தையும் மீறிக் கேட்கிற குரல் ஒன்று உண்டென்றால் அது சோலையம்மாளுடையது. தறிக்கு நூல் தார் சுற்றும் கொட்டகையில் அவள் சிரித்தால் தெருமுனை டீக்கடையில் தெரியும். 1978-இல் அவளுக்குக் கல்யாணமாகி நாலு வருஷம். பிள்ளை இல்லை. "தை வரைக்கும் பாப்பேன். இல்லேன்னா எம்மகனுக்கு வேற பொண்ணுதான்" என்று மாமியார் பாண்டியம்மாள் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தாள். ஒளித்துப் பேசும் வழக்கம் அந்த வீட்டில் கிடையாது.

பாண்டியம்மாள் கெட்டவளில்லை. மருமகளுக்காகக் குலசாமிக்கு நேர்ந்ததே அவள்தான். மாதாமாதம் தீட்டு முடிந்து சோலை தலைக்குக் குளித்த மறுநாளே பேரையூருக்கு பஸ் ஏற வேண்டும். கோயிலில் காப்புக் கட்டி, தாய் வீட்டில் பத்து நாள் ஒருபொழுது இருந்துவிட்டுத் திரும்ப வேண்டும். காப்போடு புருஷன் பக்கம் போகக் கூடாதல்லவா? கல்யாணமாகி வருஷம் திரும்பியதிலிருந்து சோலை ஒரு மாதமும் தவறியதில்லை.

அந்த ஆவணியில் குடும்பக் கட்டுப்பாடு பற்றிப் பேச நர்ஸ் அமீருன்னிசா கொட்டகைக்கு வந்தாள்.

"நீ எதுக்குடி முன்னால நிக்கிற? உனக்கு எதைக் கட்டுப்படுத்தப் போறாக?" என்றாள் கூட வேலை பார்க்கும் முருகம்மாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"படம் பாக்க நிக்கிறேன். உங்கிட்டயா டிக்கெட் கேட்டேன்?"

அமீருன்னிசா படத்தை ஆணியில் மாட்டினாள். "இது கருப்பை. கொய்யாக்காய் அம்புட்டுத்தான். ரெண்டு பக்கமும் முட்டைப்பை. மாசம் ஒரு முட்டை பழுத்து வெளிய வரும். கரு வந்தா தங்கணுமேன்னு கருப்பை உள்ளுக்குள்ள மெத்தை விரிச்சு வைக்கும். கரு வரலைன்னா மெத்தை கரைஞ்சு ரத்தமா வந்துரும். அதுதான் நீங்க ஒதுங்கி உக்காருறது."

"அப்ப அது கெட்ட ரத்தமில்லையா?" என்றாள் முருகம்மாள்.

"கெட்டதும் இல்ல, பேயும் இல்ல. ஆளு வராத மெத்தை, அம்புட்டுத்தான். முட்டை வாரது அடுத்த தீட்டுக்கு ரெண்டு வாரம் முன்னால. ஒரு நாள்தான் அதுக்கு உசுரு. ஆம்பளை விதை உள்ள போயி ரெண்டு மூணு நாள் காத்துக் கெடக்கும். பிள்ளை வேணாங்கிறவுக அந்த நடு நாள்கள்ல விலகி இருக்கணும். அதையே முழுசா நம்பாம கருத்தடை லூப்பும் போட்டுக்கங்க."

சோலை விரல் மடக்கினாள். ஐந்தாம் நாள் குளியல், மறுநாள் பஸ். பிறகு பத்து நாள். மறுபடி மடக்கினாள். கையிலிருந்த தார் உருண்டோடியது.

"நர்ஸம்மா! பிள்ளை வேணுங்கிறவ?"

"அந்த நாள்கள்ல புருஷனோட இருக்கணும்."

"அடி ஆத்தீ!" சோலை அப்போதே ஓடினாள்.

அடுத்த சந்தில் தறிக்கூடம். புருஷன் நல்லகாமன் காதில் விழ அவள் கத்த வேண்டியிருந்தது. "நான் பேரையூர்ல இருக்கற நாள்லதான்யா..." அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. தறிகள் எல்லாம் ஒரே சமயத்தில் வாயை மூட, "முட்டை வருது!" என்பது மட்டும் கூடம் முழுக்கக் கேட்டது.

"என்ன மாப்ள, தங்கச்சி கோழிப்பண்ணை வைக்கப் போகுதா?" என்றான் பக்கத்துத் தறி பால்பாண்டி. நல்லகாமன் முகம் சிவந்து அவளை வெளியே இழுத்துப் போனான். முழுதும் கேட்டதும் தலையைச் சொறிந்தான். "இம்புட்டு நாளா நாமளே கதவைச் சாத்திட்டு, ஏன் யாரும் வரலைன்னு உக்காந்திருக்கமா?"

பாண்டியம்மாள் மட்டும் அசையவில்லை. "சாமி குத்தம் ஆயிரும்டி."

"விரதம் வேணாம்னா சொல்றேன் அத்தை? அதே பத்து நாள். கொஞ்சம் தள்ளிக் கட்டுறேன். நேந்தது நீங்கதானே, மாத்தி நேந்துக்கங்க."

"பலிக்கலைன்னா?"

சோலையின் குரல் முதல்முறையாகத் தணிந்தது. "தையில பொண்ணு பாருங்க. தாம்பூலத் தட்டை நானே தூக்கிட்டு வாரேன்."

பாண்டியம்மாள் எழுந்து உள்ளே போனாள். பிறகு ஒரு மஞ்சள் துணியில் காணிக்கை முடிந்து சாமி படத்தடியில் வைத்தாள்.

புரட்டாசியில் பலிக்கவில்லை. ஐப்பசியிலும் இல்லை. சோலை அழுதாள், ஆனால் பழைய நாளுக்குத் திரும்பவில்லை. கார்த்திகை போய் மார்கழி வந்தது. குளிக்க வேண்டிய நாள் வந்து, தாண்டி, இன்னும் தாண்டிப் போனது. தீட்டுத் துணி காய்கிறதா என்று பாண்டியம்மாள் காலையில் கொல்லைக் கொடியை எட்டி எட்டிப் பார்த்தாள்.

பொங்கலுக்கு முன்பு தரகர் பேயாண்டி பெண் வீட்டு விவரத்தோடு வந்து உட்கார்ந்தார். பாண்டியம்மாள் அவருக்குக் காபிகூடக் கொடுக்கவில்லை.

"எந்திரிச்சு வேற வீடு பாருங்கண்ணே. எம்மருமக முழுகாம இருக்கா! சாமி நாளைத் தள்ளிக் கேட்டுச்சு, நாந்தான் மாத்தி நேந்தேன்."

உள்ளே சோலை புருஷனைப் பார்த்தாள். நல்லகாமன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "விடு, அந்தப் பெருமையை அத்தையே வச்சுக்கட்டும்" என்றாள் அவள்.