வெளியே நிற்கிறவளுக்கு என்ன வேலை

நாரணாபுரத்துப் புகழேந்திக்கு வேலை சிவகாசியில் ஓர் ஆப்செட் அச்சகத்தில். பட்டாசுப் பெட்டியில் ஒட்டுகிற லேபிள்தான் நாளெல்லாம் ஓடும். முயல், மயில், துப்பாக்கி பிடித்த சின்னப் பையன் என்று வண்ணத்துக்கு மேல் வண்ணம். ஊரே வெடிமருந்துக்குள் கை வைத்துப் பிழைக்கும்போது அவன் மட்டும் மை பூசிப் பிழைத்தான். பட்டாசுக் கம்பெனியின் கேட்டைத் தாண்டி அவன் ஒரு நாள்கூட வேலை பார்த்ததில்லை. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் அவன் செய்த முட்டாள்தனத்துக்கு இதுதான் காரணம்.

2004-இல் பெங்களூர்க்காரர் ஒருவர் ஏதோ விளையாட்டுக்குப் புத்தகமும் அட்டையும் அடிக்க ஆர்டர் கொடுத்தார். கலர் சரியில்லை என்று முதல் லோடு கழிவாகப் போயிற்று. கழிந்த தாளில் வாள் பிடித்த பெண்கள், தாடி வைத்த மந்திரவாதிகள், சிறகு முளைத்த பாம்புகள். புகழேந்திக்கு இங்கிலீஷ் எழுத்துக் கூட்டத்தான் வரும். டிசைன் போடுகிற பையனிடம் கேட்டான். "ஒருத்தர் கதை சொல்லுவாராம். மத்தவங்க அந்தக் கதைக்குள்ள ஆளா இருப்பாங்களாம். என்ன செய்யப் போறோம்னு அவங்களே சொல்லணும். பலிக்குமா பலிக்காதான்னு தாயம் உருட்டிப் பாக்கணும். அம்புட்டுதான்ணே" என்றான் அவன். அந்த அம்புட்டு போதுமானதாக இருந்தது. மீதியைப் புகழேந்தி தானே இட்டுக்கட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் ஆட்டம் நடக்கும். இடம் காலி அட்டைப்பெட்டி அடுக்கிய கிட்டங்கி. அங்கே வாட்ச்மேன் சீனிச்சாமி. ஐம்பத்தைந்து வயது, முட்டி வலி, பொக்கை வாய். ஆட்டத்தில் அவர் பதினெட்டு வயது இளவரசன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம், அவருக்கு அதில் கூச்சமே கிடையாது. பூச்சட்டிக்கு மருந்து செலுத்துகிற வீரலட்சுமி ஆட்டத்தில் கைதேர்ந்த திருடி. லாரியில் சரக்கு ஏற்றும் அய்யாதுரை மந்திரவாதி. ஒவ்வொரு தாயத்துக்கும் சண்டை பிடிப்பான். "கட்டை பெட்டியில தட்டிருச்சு, செல்லாது" என்பதுதான் அவன் ஓதும் பெரிய மந்திரம்.

நாலாவது ஆள் கற்பகவல்லி. ஆட்டத்தில் வில்லாளி. இருக்கிறவர்களில் இளையவள், சரவெடி பின்னுகிறவள், அதிகம் பேசாதவள். ஆட்டம் தொடங்குவதற்கு முந்தின வருஷம் ஒரு கம்பெனியில் நடந்த விபத்தில் அவளுடைய அக்கா சுப்புலட்சுமி போய்ச் சேர்ந்தாள். இருவரும் ஒரே அறையில் வேலை பார்த்தவர்கள். தங்கச்சி சாப்பிட வெளியே போயிருந்ததால் தப்பித்தாள் என்று ஊரில் சொல்வார்கள். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை, அவளும் சொன்னதில்லை. ஆட்டம் முடிந்து எல்லாரும் காராச்சேவும் கட்டுச்சோறும் பிரித்தால், "வீட்டுல போயி சாப்பிட்டுக்கிறேன்" என்று எழுந்துவிடுவாள். கூச்சம் என்று நினைத்து விட்டுவிட்டார்கள்.

அவளுக்காகவே புகழேந்தி தன் கதை உலகத்தில் தீயே வைக்கவில்லை. அடுப்பு எரியாது, பந்தம் கிடையாது, இருட்டில் மினுங்கும் கல்தான் விளக்கு. அவன் பாம்பு தீயைக் கக்காது, பனியைக் கக்கும். "விருதுநகர் வெயிலுக்கு அந்தப் பாம்பு நம்ம தெருவுல வந்து கக்குனாத் தேவலையே" என்பாள் வீரலட்சுமி. ஏன் பனி என்று ஒருத்தரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரியும்.

இப்படி இரண்டு வருஷம் ஓடிய கதை. 2006 தீபாவளி சீசன் முடிந்து கம்பெனிகள் மறுபடி திறந்த சமயத்தில் கற்பகவல்லிக்குத் திருப்பூர் மாப்பிள்ளை அமைந்தான். தையில் கல்யாணம். "அண்ணே, நான் போறதுக்குள்ள கதையை முடிச்சிருவீகளா? பாதியில விட்டுட்டுப் போனா அங்கன போயும் அதே நெனப்பாத்தான் இருக்கும்" என்று கேட்டாள். அவள் வாய் திறந்து கேட்ட முதல் காரியம் அது.

புகழேந்திக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று. கதையை இழுப்பது எளிது, முடிப்பதுதான் பிராணனை வாங்கும். மெஷினில் தாள் போய்க்கொண்டே இருக்கும், இவன் மனசு குகைக்குள் இருக்கும். மயிலுக்குக் கழுத்து ஓரிடமும் நீலம் ஓரிடமுமாக அச்சாகி, மேஸ்திரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டான்.

மற்றவர்களிடம் யோசனை கேட்டான். "மலையே பிளக்கணும்ணே" என்றான் அய்யாதுரை. வீரலட்சுமிக்குச் சிம்மாசனம் வேண்டும், அதுவும் திருடியே உட்காருகிற மாதிரி. சீனிச்சாமி மட்டும் பொக்கை வாயைத் துடைத்துக்கொண்டு, "ஏலே புகளு, முடிவுல எல்லாரும் உக்காந்து சாப்பிடணும்லே. பந்தி இல்லாத முடிவு ஒரு முடிவா?" என்றார். சோற்றிலேயே இருக்கிறாரே மனுஷன் என்று புகழேந்தி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அவனுக்குள் வேறோர் ஆசை இருந்தது. கடைசியில் மீட்கப்படுகிறவளைக் கற்பகவல்லியின் அக்கா மாதிரி வைத்தால் என்ன? இரண்டு நாள் அதையே உருட்டினான். செத்தவளைக் கதைக்குள் கூட்டிவர நாம் யார், ஆறின புண்ணைக் கீறிவிடக் கூடாது என்று பயந்து விட்டுவிட்டான். பொன்னரசி என்று ஒரு ராணியை வைத்தான். அரக்கன் அவளைக் குகையின் கடைசி அறையில் அடைத்திருக்கிறான். அந்த அறை நிறைய மறதிப் பொடி. அதை முகர்ந்தவருக்கு வந்த வழி மறந்துபோகும். நாலு பேரும் உள்ளே போய் அரக்கனை முடிக்க, ராணி வெளியே வந்து நன்றி சொல்ல வேண்டும். அதற்கு நல்ல தமிழில் ஒரு வசனமும் நெட்டுருப் போட்டான். "வீரத் திருமகளே, உன் வில்லின் நாணொலி" என்று ஆரம்பிக்கும்.

மார்கழியில் கடைசி ஆட்டம். அட்டையை விரித்து வட்டமாக உட்கார்ந்தார்கள். வீரலட்சுமி புளிச்சோறு கிண்டித் தூக்குவாளியில் கொண்டுவந்து ஓரமாக வைத்திருந்தாள். பாலம் தாண்டினார்கள், பனிப்பாம்பை வென்றார்கள். இளவரசர் இருமிக்கொண்டே வாள் வீசினார். எல்லாம் புகழேந்தி நினைத்தபடியே போயிற்று. "இதான் கடைசி அறை. உள்ள பொன்னரசி இருக்கா. சுத்திலும் பீப்பாய் பீப்பாயா மந்திரப் பொடி" என்றான்.

"பொடி வச்ச ரூமா?" என்றான் அய்யாதுரை. "ஆள் அளவு எம்புட்டு?"

பட்டாசுக் கம்பெனியில் ஒவ்வோர் அறைச் சுவரிலும் எத்தனை பேர் உள்ளே இருக்கலாம் என்று பெயின்ட்டில் எழுதியிருக்கும். எழுத்துக் கூட்டத் தெரியாதவருக்கும் அந்த எண் தெரியும். புகழேந்தி அந்தச் சுவர்களை ரோட்டிலிருந்து பார்த்தவன்தானே, சிரித்துக்கொண்டே, "நாலு" என்றான்.

சீனிச்சாமி உடனே தலையிலிருந்து எதையோ கழற்றுகிற மாதிரி கழற்றி ஓரமாக வைத்தார். "கிரீடம், வாள் எல்லாம் வெளியவே இருக்கட்டும். இரும்பு கூடாது." வீரலட்சுமி இல்லாத கதவோரத்தில் செருப்பை விட்டாள். விளையாட்டுக்காகச் செய்யவில்லை, மருந்து அறைக்குள் நுழைகிறவர்களின் பழக்கம் அது. பிறகு அவள் விரல் விட்டு எண்ணினாள். "உள்ள அந்த ராணி ஏற்கெனவே ஒரு ஆளு. அப்ப மூணு பேருதான் போலாம். ஒரு ஆள் வெளிய நிக்கணும்."

"இருக்கதுல சின்னவ நீதான். நீ வெளிய நில்லு, வல்லி" என்றான் அய்யாதுரை.

கற்பகவல்லி கையில் இருந்த தாயக்கட்டையைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கும் இப்படித்தான் சொன்னாக" என்றாள். "சீசன் நேரம். நாலு பேரு ரூம்ல அஞ்சு பேரைப் போட்டுருந்தாக. செக்கிங் வாராகன்னு சொல்லவும் போர்மேன் வந்து, சின்னவ நீ வெளிய போன்னாரு. அக்காதான் டிபன் பாக்ஸை எடுத்துக் கையில குடுத்துச்சு. வேப்பமரத்தடியில உக்காந்து சாப்பிடுடி, பின்னாலயே வாரேன்னுச்சு. நான் சாப்பிடப் போகலண்ணே. அளவுக்கு மேல இருந்த ஆளு நான். அதனால வெளிய நின்னேன்."

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகிவிட்டது. எதற்குப் பயந்து இரண்டு வருஷமாக ஒரு தீக்குச்சிகூடக் கதைக்குள் வராமல் காத்தானோ, அதே வாசலில் கொண்டுபோய் அவளை நிறுத்திவிட்டான் பாவி. தீயைத்தான் விலக்கினானே தவிர, பொடி வைத்த அறை என்றால் இவர்கள் ஆள் எண்ணுவார்கள் என்பது அந்த மை பூசிய மண்டைக்கு எட்டவில்லை. அய்யாதுரை தலை குனிந்துகொண்டான். "வேண்டாம் தாயி, இதோட நிறுத்திக்கிருவோம்" என்றான் புகழேந்தி.

"நிறுத்தாதீக" என்றாள் அவள். "நான் வெளியவே நிக்கேன். ஆனா வெளிய நிக்கிறவளுக்கு என்ன வேலை? அதைச் சொல்லுங்க. சும்மா மரத்தடியில நிக்க என்னால ஆகாது."

அரக்கன், சண்டை என்று போட்டு வைத்த திட்டமெல்லாம் எங்கோ போயிற்று. அவள் முகத்தைப் பார்த்தான். இப்போது சொல்வது தப்பாகப் போனால் அவள் அதையும் சுமந்துகொண்டுதான் திருப்பூர் பஸ் ஏறுவாள். ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு மெதுவாகச் சொன்னான்.

"கதவெல்லாம் திறந்துதான் இருக்கு. ஆனா பொடி பட்டவுக கண்ணுக்குக் கதவு தெரியாது. உள்ள இருக்கவுக ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டாலும் பிரயோசனமில்ல, எல்லாருக்கும் வழி மறந்திருக்கும். வெளியயிருந்து ஒரு குரல் வரணும். அந்தக் குரலைப் பிடிச்சுக்கிட்டுத்தான் வர முடியும். நாலு பேரும் உள்ள போயிருந்தா ஒருத்தரும் திரும்ப மாட்டாக."

கற்பகவல்லி தலையை ஆட்டினாள். கதையில் மற்ற மூவரும் உள்ளே போனார்கள். சீனிச்சாமி நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டார்.

"ராணியைப் பொன்னரசின்னே கூப்பிடவா?" என்று கேட்டாள் கற்பகவல்லி.

"உனக்கு என்ன பேரு வருதோ அதைக் கூப்பிடு தாயி."

அவள் தாயக்கட்டையை இரு கைக்குள்ளும் வைத்து உருட்டினாள். "சுப்பக்கா" என்றாள். அது கூப்பிடுகிற மாதிரி இல்லை, மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. மறுபடியும், கிட்டங்கியின் தகரக் கூரை அதிரும்படி, "யக்கா, சுப்பக்கா, இங்கன வா" என்று கூப்பிட்டுக் கட்டையைப் போட்டாள்.

கட்டை உருண்டு நின்றது. மூன்று. தாயம் விழுந்தால்தான் பலிக்கும். புகழேந்தி நன்றாகப் பார்த்தான், மூன்றேதான். அவள் குனிந்து பார்ப்பதற்குள் சீனிச்சாமி கண்ணைத் திறந்து, கையை நீட்டிக் கட்டையை அள்ளிவிட்டார். "தாயம்" என்றார்.

எல்லாரும் அய்யாதுரையைப் பார்த்தார்கள். இரண்டு வருஷத்தில் ஒரு கட்டையைக்கூடச் சண்டையில்லாமல் விட்டவனில்லை அவன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தாயந்தான். நான் பாத்தேன்" என்றான்.

இனி புகழேந்தி பேச வேண்டும். மீட்கப்பட்டவள் வாசலுக்கு வந்தாயிற்று. வீரத் திருமகளே என்று நாக்கு நுனி வரை வந்தது. அதை விழுங்கிவிட்டான். அக்காவாகவே கேட்டான்.

"சாப்பிட்டியாடி?"

கற்பகவல்லியின் வாய் கோணியது. "இல்லக்கா" என்றாள். "நீ வாரேன்னு சொன்னேல்ல. அதான் சாப்பிடாம இருக்கேன்."

பிறகு அழுதாள். மூன்று வருஷ அழுகை, சட்டென்று நிற்குமா? வீரலட்சுமி அவளை மடியில் சாய்த்துக்கொண்டு முதுகைத் தடவினாள். புகழேந்தியும் அழுதான், அதை ஏன் மறைக்க வேண்டும்.

அழுது ஓய்ந்ததும் சீனிச்சாமி எழுந்து பழைய லேபிள் தாள்களை வரிசையாக விரித்து, தூக்குவாளியைத் திறந்தார். அவர் பந்தி அவருக்குக் கிடைத்துவிட்டது. எல்லாரும் உட்கார்ந்தார்கள். கற்பகவல்லி எழுந்து முகம் கழுவிவிட்டு வந்தாள். வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லப் போகிறாள் என்றுதான் நினைத்தார்கள். அவள் பந்தி ஓரத்தில் நின்று, "இங்கன ஆள் அளவு எம்புட்டுண்ணே?" என்று கேட்டாள்.

"அளவே கிடையாது தாயி" என்றான் புகழேந்தி. "எம்புட்டுப் பேரு வேணும்னாலும் உக்காரலாம்."

அவள் இரண்டு தாள் எடுத்தாள். ஒன்றைத் தனக்கு முன்னால் விரித்தாள், இன்னொன்றைப் பக்கத்தில் விரித்தாள். வீரலட்சுமி ஒன்றும் கேட்காமல் இரண்டிலும் சோறு வைத்தாள். கற்பகவல்லி முதல் வாய் எடுத்து வைத்த பிறகுதான் மற்றவர்கள் சாப்பிட ஆரம்பித்தார்கள்.