சத்தத்தை மட்டும் நிறுத்துங்க

என் வீட்டுக்காரருக்கு நாற்பத்திரண்டு வயசில் ஒரு சிவப்புக் கார் வாங்க வேண்டும் என்று தோன்றியது. சும்மா கார் இல்லை. இரண்டே கதவு, தரையோடு ஒட்டிய உடம்பு, பின்பக்கம் துணி காயப்போடலாம் போல ஒரு இறக்கை, பேனட்டுக்குள் டர்போ. ஜப்பானில் யாரோ ஒரு வாலிபன் ஓட்டித் தீர்த்து, கொழும்பில் இன்னொருவர் ஓட்டித் தீர்த்து, மூன்றாவதாக மாத்தளையில் மிளகும் சாதிக்காயும் வாங்கி விற்கிற இவரிடம் வந்து சேர்ந்தது. யுத்தம் கடைசிக் கட்டத்தை நெருங்கிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. மற்றத் தமிழ் ஆட்கள் கண்ணில் படாமல் இருப்பது எப்படி என்று யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், இவர் அரை மைலுக்கு அப்பாலேயே ஆட்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி ஒரு சைலன்சரைப் பூட்டிக்கொண்டார்.

மணிக்கு இருநூறு கிலோமீட்டர் போகும் என்று கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். மாத்தளை டவுனில் அது எங்கே போகும்? காலையில் பஸ்ஸுக்குப் பின்னால் நிற்கும், பின்னேரம் த்ரீவீலருக்குப் பின்னால் நிற்கும். ஒரு மிளகு மூட்டை வைக்க அதில் இடமில்லை, அதனால் வியாபாரத்துக்கு அதே பழைய வேன்தான். காரில் ஏறுவதென்றால் நான் முதலில் சீட்டில் விழ வேண்டும், பிறகு காலை ஒவ்வொன்றாக உள்ளே இழுக்க வேண்டும். சேலையோடு அதைச் செய்து பார்த்தவர்களுக்குத்தான் அந்தச் சுகம் தெரியும்.

வாங்கிய அன்றே கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை போட்டோம். நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம், பேனட்டுக்குச் சந்தனம், இறக்கைக்குக்கூட ஒரு பூமாலை. நான் தேயிலைத் தோட்டத்து லொறி டிரைவரின் மகள். எங்கள் அப்பா எந்த வண்டியில் ஏறினாலும் முதலில் மிதித்துப் பார்ப்பது பிரேக்கைத்தான். அந்தப் பழக்கத்தில், "பிரேக்கெல்லாம் எப்பிடிங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டேன்.

"அதான் சாமி கும்பிட்டாச்சே," என்றார்.

மூன்று நாலு மாதத்தில் முன்சக்கரம் கீச்சிட ஆரம்பித்தது. பிரேக்கில் கால் வைத்தால் போதும், எலி பொறியில் மாட்டிய மாதிரி ஒரு சத்தம். டவுனுக்குள் நுழையும்போது கடைக்காரர்கள் சிரித்தார்கள். பிரேக் கெட்டுப்போவதை அவர் தாங்கிக்கொண்டிருப்பார், சிரிப்பைத் தாங்க முடியவில்லை. கராஜுக்குப் போனோம்.

கராஜ் பாஸ் ஒரு முஸ்லிம் மனுஷர். சக்கரத்தைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "பிரேக் பேட் முடிஞ்சிருச்சு முதலாளி," என்றார். "இந்தச் சத்தம் கோளாறு இல்ல. பேட் தேஞ்சா வந்து உரசட்டும்னே ஜப்பான்காரன் ஒரு சின்னத் தகடு வச்சிருக்கான். என்னைய மாத்துன்னு அது சொல்லுது."

"மாத்த எத்தன நாள் ஆகும்?"

"இந்த மாதிரிக் காருக்கு இங்க பேட் இல்ல. கொழும்புக்குச் சொல்லி எடுக்கணும், ரெண்டு மூனு கிழமையாகும். அது வரைக்கும் மலைப் பக்கம் போகாதீங்க. இந்த ஜாதிக் கார் ஓடுறதுல கெட்டி. நிப்பாட்டுறதுக்கும் அந்த அளவு பேட் இருக்கணும். இல்லாட்டிச் சூடேறி, மிதிச்சாலும் பிடிக்காது."

இவர் கொஞ்ச நேரம் யோசித்தார். யோசிக்கிற மாதிரி இருந்தார் என்று சொல்வதுதான் சரி.

"பேட்ட அப்புறமா பாப்போம். இப்போதைக்குச் சத்தத்த மட்டும் நிறுத்துங்க," என்றார்.

பாஸ் என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய காலெண்டரைப் பார்த்தேன். "நான் சொல்லிட்டேன் முதலாளி," என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுக் குறடு ஒன்றை எடுத்து, அந்தத் தகட்டை அப்பால் மடக்கிவிட்டார். சத்தம் நின்றது. வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் என் வீட்டுக்காரர் பிரேக்கை மிதித்து மிதித்து அந்த அமைதியை ரசித்தார். "பாத்தியா, ஒன்னுமில்லாததுக்கு நம்ம தலையில பேட்டக் கட்டப் பாத்தான்," என்றார். நானும் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்க வேண்டும், அது என்னுடைய பிழைதான்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, காரை மூடுபனிக்குள் நிறுத்தி ஒரு படம் எடுக்க வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. மூடுபனிக்கு ரிவர்ஸ்டன் மலையை விட்டால் வேறு எங்கே? ரத்தோட்டையைத் தாண்டி ஏற ஆரம்பித்தோம். ஏற்றம் தொடங்கும் இடத்தில் ராணுவம் வெறும் தார்ப் பீப்பாய்களைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துச் செக்பொயின்ட் போட்டிருந்தது.

எந்தச் செக்பொயின்ட் வந்தாலும் எங்கள் வண்டிக்குள் ஒரு சடங்கு நடக்கும். தூரத்தில் பீப்பாயைக் கண்டதும் இவர் தமிழ்ப் பாட்டை நிறுத்திச் சிங்கள ரேடியோவை வைப்பார். நெற்றித் திருநீற்றைக் கைக்குட்டையால் துடைப்பார். "பொட்ட எடு," என்பார். நான் ஸ்டிக்கர் பொட்டை உரித்து வளையலில் ஒட்டிக்கொள்வேன். தாண்டிப் போனதும் அது மறுபடி நெற்றிக்கு வரும். இவ்வளவும் முடிந்த பிறகு சிப்பாய் எங்கள் அடையாள அட்டைகளை வாங்குவான், அட்டையில் எங்கள் பெயர் சுத்தத் தமிழில் இருக்கும். பத்து வருஷமாக இந்தக் கூத்து ஒருவரையும் ஏமாற்றியதில்லை. ஆனாலும் ஒரு தடவைகூட நாங்கள் அதைத் தவற விட்டதில்லை, மாத்தளையில் எங்களுக்குத் தெரிந்த எல்லாத் தமிழ்க் குடும்பமும் அப்படித்தான்.

அன்றைக்கும் சடங்கு முறைப்படி நடந்தது. அங்கே நின்ற வயதான சிப்பாய் அட்டைகளைப் பார்த்தான், காரைச் சுற்றி வந்தான், சிங்களத்தில் சொன்னான்: "மஹத்தயா, இது என்ன சத்தம்? மேலேயிருந்து இப்படி ஒன்று உறுமிக்கொண்டு இறங்கி வந்தால் எங்கள் பையன்கள் என்னமோ ஏதோ என்று நினைப்பார்கள். கவனமாக வாருங்கள்."

இவர் மூன்று தரம் தலையாட்டினார். புத்திமதி சொன்னால் கேட்காத மனுஷர், துப்பாக்கி வைத்திருப்பவன் சொன்னால் மட்டும் மனப்பாடம் செய்துகொள்வார்.

மேலே படமும் எடுத்தாயிற்று. கார் நின்றது, அதில் சாய்ந்துகொண்டு இவர் நின்றார், பின்னால் பனி நின்றது. நான் கேமராவுக்கு இந்தப் பக்கம் நின்றேன். பதினேழு படம், ஒன்றிலும் நான் இல்லை.

இறங்கும்போதுதான் அந்தச் சிப்பாயின் வார்த்தை வேலை செய்தது. கியரில் இறங்கினால் எஞ்சின் உறுமும். எஞ்சின் உறுமினால் கீழே உள்ள பையன்கள் பயப்படுவார்கள். ஆகவே என் வீட்டுக்காரர் காரை நியூட்ரலில் விட்டு, வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டே பூனை மாதிரி இறங்கினார். இருநூறு கிலோமீட்டர் ஓடப் பிறந்த கார், எஞ்சினின் உதவி இல்லாமல், தகடு மாதிரித் தேய்ந்த பேட்டை நம்பி, அந்த மலையில் இறங்கிக்கொண்டிருந்தது.

"கியர்ல போடுங்க. அப்பா ஒரு நாளும் இப்பிடி இறக்க மாட்டாரு," என்றேன்.

"இது ஒங்கப்பாவோட கொழுந்து லொறி இல்ல."

நாலைந்து வளைவு தாண்டியதும் கருகல் வாடை அடித்தது. "என்னமோ நாத்தம் அடிக்குதுங்க," என்றேன். முன்னால் போகிற பஸ்ஸுடையது என்றார். முன்னால் பஸ்ஸும் இல்லை, மாட்டு வண்டியும் இல்லை. அடுத்த வளைவில் அவர் மிதித்தபோது கார் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் நின்றது. அதற்கடுத்த வளைவில் யோசிக்கவும் இல்லை. மதகுச் சுவரை உரசாமல் திரும்பியது எங்கள் அதிர்ஷ்டம். பெடல் பஞ்சுக்குள் போவது மாதிரித் தரைவரைக்கும் போனது.

வளைவெல்லாம் முடிந்து, செக்பொயின்ட் வரைக்கும் அரை மைல் சரிவு. அந்தக் காலத்தில் நிற்கச் சொன்ன இடத்தில் நிற்காத வாகனத்துக்கு என்ன நடக்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். நிற்காமல் போவது தமிழன் ஓட்டுகிற சிவப்புக் கார் என்றால் சொல்லவே வேண்டாம். கியர் கட்டை அவருடைய இடது கைக்குக் கீழே இருந்தது. ஹேண்ட்பிரேக் அதற்குப் பக்கத்தில். அவர் கை ரேடியோவுக்குப் போனது. சிங்கள ஸ்டேஷனைத் தேடித் திருகினார். கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

"பொட்ட எடு. சீக்கிரமா எடு," என்றார்.

நானும் எடுத்தேன். அதை நினைத்தால்தான் இப்போதும் எனக்கு உடம்பு எரிகிறது. பிறந்ததிலிருந்து மலைப் பாதையில் லொறியில் போய் வந்தவள், பிரேக் போனால் என்ன செய்ய வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லக்கூடியவள், அந்த அரை மைலில் முக்கால்வாசியை நெற்றியில் ஒட்டியிருந்த ஒரு துண்டைப் பிய்ப்பதில் செலவழித்தேன். வியர்வையில் அது வழுக்கியது. நகத்தால் சுரண்டினேன். நிமிர்ந்து பார்த்தபோது பீப்பாய்கள் தெரிந்தன. ஒரு சிப்பாய் கையைக் காட்டினான். பிறகு கையை இறக்கித் துப்பாக்கியைத் தூக்கினான்.

"செகண்ட்ல போடுங்க!" என்று கத்திக்கொண்டு ஹேண்ட்பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தேன். எஞ்சின் அலறியது. கார் பின்பக்கத்தை ஒரு ஆட்டு ஆட்டி, முதல் பீப்பாயை உருட்டிவிட்டு, இரண்டாவதுக்கு முன்னால் நின்றது. ரேடியோவில் சிங்களத்தில் உர விளம்பரம் போய்க்கொண்டிருந்தது.

கையைத் தூக்கிக்கொண்டு இறங்கச் சொன்னார்கள். அந்தக் காரிலிருந்து கையைத் தூக்கிக்கொண்டு இறங்க முடியாது. கதவைப் பிடிக்காமல் யாராலும் எழும்ப முடியாத பள்ளம் அது. துப்பாக்கி என் முகத்துக்கு நேரே இருந்தது. "தம்பி, கையைக் கீழே வைத்தால்தான் எழும்பலாம், வைக்கட்டுமா?" என்று சிங்களத்தில் கேட்டேன். அவன் இன்னொருவனைப் பார்த்தான். அவர்களுக்குள் பேசி எனக்கு அனுமதி தந்தார்கள். அந்தப் பக்கம் என் வீட்டுக்காரர் கையைத் தூக்கியபடியே உருண்டு ரோட்டில் விழுந்தார்.

காலையில் நின்ற வயதான சிப்பாய் இல்லை, ட்யூட்டி மாறியிருந்தது. பிரேக் பிடிக்கவில்லை என்று இவர் திரும்பத் திரும்பச் சொன்னார். அதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அந்த நேரம் முன்சக்கரத்திலிருந்து நீலமாகப் புகை வந்தது. ஒரு இளம் சிப்பாய் குந்தி உட்கார்ந்து, சக்கரக் கம்பிகளுக்குள்ளே எட்டிப் பார்த்து, மோந்து பார்த்தான். ராணுவத்துக்கு வருவதற்கு முன்னால் கராஜில் வேலை செய்தவன் போல. "உண்மைதான், பேட் சுத்தமாக இல்லை. இரும்போடு இரும்பு உரசியிருக்கிறது," என்றான். துப்பாக்கிகள் இறங்கின. நாங்கள் சொன்னதை நம்பாதவர்கள் சக்கரம் சொன்னதை நம்பினார்கள்.

அவன் எழும்பி, எங்கள் அட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு, நாங்கள் வந்த சரிவைப் பார்த்தான்.

"அக்கே, பிரேக் எங்கே போனது?"

"அந்தக் கடைசி வளைவில்."

"அங்கேயிருந்து இங்கே வரைக்கும் அரை மைல் இருக்கிறதே. கியரைப் போட்டிருக்கலாம், ஹேண்ட்பிரேக்கை இழுத்திருக்கலாம். இவ்வளவு நேரம் இரண்டு பேரும் உள்ளே என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"

என் வீட்டுக்காரர் ரோட்டைப் பார்த்தார்.

"பயந்துவிட்டோம்," என்றேன்.

"சரிவுக்கா?"

"இல்லை தம்பி. உங்களுக்கு."

அவன் கோபப்படவில்லை. குழம்பிப் போய் என்னைப் பார்த்தான். "எங்களுக்குப் பயந்தீர்கள் என்றால் முதலில் வண்டியைத்தானே நிறுத்தியிருக்க வேண்டும்?" என்று கேட்டான்.

நக்கலாகக் கேட்கவில்லை, தெரியாமல்தான் கேட்டான். பள்ளிக்கூடக் காலத்திலிருந்து நான் சிங்களம் பேசுகிறேன், சந்தையில் சண்டை பிடிக்கிற அளவுக்குப் பேசுவேன். அந்தச் சிங்களத்தில் அவனிடம் நான் கேட்டது, "பீப்பாயை எந்த இடத்தில் வைக்க வேண்டும் தம்பி?" என்று மட்டும்தான். அட்டைகளை வாங்கிக்கொண்டு, உருண்டு கிடந்த பீப்பாயை நிமிர்த்த நாங்கள் இரண்டு பேரும் போனோம்.